பாதியில் நிறுத்திய வாசகம்

சடையன் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்காக வியாழக்கிழமையே நடக்க ஆரம்பித்துவிடுவார். நடப்பது என்றால் நிஜமாகவே நடப்பது. கையில் குடை, கக்கத்தில் வேதப்புத்தகம். நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே மூன்று மைலில் இருந்த ஒட்டம்பாறையின் இருபத்தெட்டுக் குடிசைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எந்த வீட்டில் அடுப்பு புகையவில்லை, எவன் பெண்டாட்டியை அடித்திருக்கிறான், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்று எல்லாவற்றையும் கண்ணால் அள்ளிக்கொண்டு வந்து, ஜெபக்கூடத்துப் படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுவார். சில சபைகளில் எந்த ஞாயிறு எதை வாசிப்பது என்று வருஷம் முழுவதற்கும் அச்சடித்த அட்டவணை உண்டாம். இவருடைய மிஷனில் அது கிடையாது. உபதேசியார் பார்த்து எடுப்பதுதான் வாசகம்.

அவர் எடுப்பது ஏதாவது ஒரு வீட்டைக் குறிவைத்துத்தான் இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, அதிகாரமும் வசனமும் எழுதி, ஓரத்தில் பென்சிலால் அந்த வீட்டுக்காரர் பெயரையும் பொடியாக எழுதிக்கொள்வார். யாருக்கான வாசகம் என்று வெளியே மூச்சு விடமாட்டார். சொல்லிவிட்டால் மற்ற வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

அவரும் அதே ஒட்டம்பாறையில் பிறந்தவர்தான். அப்பன் பண்ணாடி வீட்டுக்கு, அதாவது நிலத்துக்காரர் வீட்டுக்கு, மாடு மேய்த்தவர். இவர் பதினாறு வயதில் ஊரை விட்டு ஓடி, சூரமங்கலத்தில் ரயில் பாதைக்கு ஜல்லி சுமந்தார். அங்கே மிஷன்காரர்கள் நடத்திய பள்ளியில் எழுத்துப் படித்து, ஞானஸ்நானம் பெற்று, இருபத்தெட்டாம் வயதில் உபதேசியாராகத் திரும்பிவந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மத்தேயு. அந்தப் பெயரில் சேலத்து மிஷன் துரை ஒருவர்தான் கூப்பிட்டார். ஊருக்கு அவர் என்றைக்கும் சடையன்.

ஓடிப்போவதற்கு முன்பு இன்னொரு படிப்பும் அவருக்கு ஆகியிருந்தது. கோடைக்காலத்தில் ஊர் ஊராக வந்து உடுக்கையடித்துக் கதை பாடுகிறவர்கள் பின்னால் அலைந்திருக்கிறார். கதையை எங்கே நிறுத்தினால் ஜனம் மறுநாளும் வரும் என்பது உடுக்கைக்காரனுக்குத் தெரியும். வாளை ஓங்கியவன் ஓங்கியபடியே நிற்பான், மீதி நாளைக்கு. சடையன் அந்த வித்தையை ஜெபக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். சித்திரை, வைகாசியில் கூட்டம் குறையும். ஆண்கள் மஞ்சள் வேகவைக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போது வேதபாகத்தை இரண்டாக முறித்துவிடுவார். சிங்கக் குகைக்குள் தானியேலைப் போட்டுக் கல்லை வைத்து மூடினார்கள், அதோடு ஆமென். அந்த வாரம் முழுவதும் அவர் மனைவி சௌந்திரம் களியைக் கிண்டிக்கொண்டே நச்சரித்தாள்.

"அந்த மனுசன் பொழைச்சானா இல்லீங்களா, எனக்காச்சும் சொல்லிப்போடுங்க."

"ஞாயித்துக்கெழமை வந்து கேட்டுக்கோ."

"கட்டின பொண்டாட்டிகிட்டக் கூடவா?"

"சிங்கத்துக்குத் தெரியும். அதுகிட்டக் கேளு."

அடுத்த ஞாயிறு கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சடையனுக்குத் தன் வித்தைமேல் ஒரு கர்வமே வந்துவிட்டது.

முப்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில், ஒரு வியாழக்கிழமை, ராமாத்தாள் வீட்டு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். அவளுடைய புருஷன் கண்டித் தோட்டத்துக்குத் தேயிலை வேலைக்குப் போனவன். அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று ஒரு ஆள் வந்து சொல்லியிருந்தான். அவள் வாசலில் உட்கார்ந்து சோளத்தட்டைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்குக் கிள்ளுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வீடு அர்த்தநாரியுடையது. அவன் பண்ணாடி தோட்டத்தில் கவலை ஓட்டுகிறவன். கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைப்பவன். அவன் வாசலில் அவனுடைய இரண்டு மனைவிகளும் ஒரே திருகைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ராகி அரைத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் மாரக்காள் இழுக்க, இளையவள் செல்லியம்மாள் தள்ள, இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் சண்டையில்லை என்று பார்த்து, சடையன் குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் எடுத்த வேதபாகம் ஆதியாகமம் இருபத்தொன்றாம் அதிகாரம். ஆபிரகாம் என்ற பெரியவர். அவர் மூத்த மனைவி சாராளுக்கு வெகுகாலம் பிள்ளையில்லை. அதனால் பெரியவர் வேலைக்காரி ஆகாரைச் சேர்த்துக்கொள்ள, அவள் ஒரு மகனைப் பெற்றாள். பிறகு சாராளும் ஒரு மகனைப் பெற்றுவிட்டு, வேலைக்காரியையும் அவள் பிள்ளையையும் துரத்தச் சொல்கிறாள். பெரியவருக்கு அது மனசாகவில்லை. அவள் சொல்கிறபடி செய் என்று கடவுளே சொல்கிறார். பெரியவர் அதிகாலையில் எழுந்து, அப்பமும் ஒரு தோல் துருத்தித் தண்ணீரும் எடுத்து ஆகாரின் தோள்மேல் வைத்து, பிள்ளையையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அவள் வனாந்தரத்தில் அலைகிறாள்.

இது முதல் பாதி. தண்ணீர் தீர்ந்து, பிள்ளையின் அழுகுரலைக் கடவுள் கேட்டு, அவள் கண்ணைத் திறந்து ஒரு கிணற்றைக் காட்டுவது இரண்டாம் பாதி. கைவிடப்பட்டவளின் குரல் மேலே கேட்கிறது என்று ராமாத்தாளுக்குச் சொல்ல வேண்டும்; சடையனுக்கு வேண்டியது அந்தக் கிணறுதான். ஆனால் கிணற்றுக்கு ஒரு வாரம் காத்திருந்தால் ருசி கூடும். நோட்டில் எழுதினார்: இந்த ஞாயிறு பதினான்காம் வசனம் முடிய, அடுத்த ஞாயிறு பதினைந்திலிருந்து. ஓரத்தில் பென்சிலால் ராமாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகவே வாசித்தார். அவருக்குக் கணீரென்ற தொண்டை. வனாந்தரத்திலே அலைந்து திரிந்தாள் என்று இழுத்துச் சொல்லி, புத்தகத்தை மூடிய சத்தத்தில் முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்தார்கள். ராமாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வேண்டிய இடத்தில் விழுந்துவிட்டது என்று அவருக்குத் திருப்தி. வாசலோரம் உட்கார்ந்திருந்த அர்த்தநாரி கடைசி ஜெபத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து போனதை அவர் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வெயில் ஏறிய பிறகு, இடுப்பில் ஆறு மாதக் குழந்தையோடு மாரக்காள் வந்து நின்றாள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"உபதேசியாரே, செல்லியை எங்கீங்க அனுப்பிச்சீங்க?"

"நானா? நான் எங்கே அனுப்பிச்சேன்?"

"உங்க பொஸ்தகந்தான் அனுப்பிச்சுதாம். எம்பட ஊட்டுக்காரரு சொல்றாரு. விடியறதுக்கு முந்தி அவளையும் சுப்பியையும் கெளப்பி உட்டுப்போட்டாரு. மஞ்சக் களத்துக்கு வேலைக்குப் போயிருக்கறாள்னு எங்கிட்டப் பொய் சொன்னாரு. இப்பத்தான் வாயைத் தொறந்தாரு. ரெண்டு நாளா வயித்தால போய்க்கிட்டுக் கெடந்த கொளந்தைங்க அது!"

சடையனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சுப்பி என்பது செல்லியம்மாளின் மகள், இரண்டரை வயசு, பால்குடி மறக்காதது. அதை எதற்கு அனுப்புகிறான்? கேட்டுக்கொண்டே நடந்தார். நடக்க நடக்கக் கால் வேகமானது.

அர்த்தநாரி தலைக்கு ஊற்றி, வெளுத்த வேட்டி கட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தான். கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எழுந்து வந்து கும்பிட்டான்.

"வாங்க சாமி. வாக்கு வந்துருச்சுங்க."

"என்ன வாக்கு?"

"போன மார்கழியில நீங்களுந்தான இருந்தீங்க? ரெண்டு பொண்டாட்டி இருந்தா ஞானஸ்நானம் இல்லை, ஒருத்தியை உடுன்னு தொரை சொல்லிப்போட்டாரு. எவளை உடறதுங்கன்னு கேட்டேன். செபம் பண்ணித் தெரிஞ்சுக்கோன்னாரு. நாலு மாசமாப் பண்றேன், ஒண்ணும் தெரியலீங்க. மாரியாத்தா கோயில்னா செவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் மடிச்சுப்போட்டு, கொளந்தையை உட்டு எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கலாம். இங்க பூவில்லையே, பொஸ்தகந்தான இருக்குது. அதனால சனிக்கெழமை வேண்டிக்கிட்டேன். நாளைக்கி உபதேசியாரு எதை எடுக்கறாரோ அதுல சொல்லிப்போடு ஆண்டவனேன்னு." அவன் கண் பளபளத்தது. "நெனைச்சாப்பலயே வந்துதுங்க."

மார்கழியில் துரை சொன்னதைத் தமிழில் அவனுக்கு எடுத்துச் சொன்னவரே சடையன்தான்.

"போகும்போது என்னடா குடுத்தே?"

"நீங்க படிச்சதுதானுங்க. ஒண்ணு உடலை. இருட்டோட எந்திரிச்சேன். ராகி ரொட்டி ரெண்டு, சொரக்குடுக்கையில தண்ணி. தோள்மேல நானே வெச்சேன். பொறவு கொளந்தையைத் தூக்கிக் குடுத்தேன்."

தோள்மேல என்றதைக் கேட்டதும் சடையனுக்கு விளங்கிவிட்டது. முந்திய நாள் தன் வாயிலிருந்து கணீரென்று போன வசனம், கையும் காலும் முளைத்து, இந்த வாசலில் இருந்து கிளம்பிப் போயிருக்கிறது.

மாரக்காள் குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு நடுவில் வந்தாள்.

"அந்தக் கதையில தொரத்தச் சொன்னது யாரு? பெரியவதானே? இந்த ஊட்டுல பெரியவ நானு. நான் வாயைத் தொறந்தனா? எனக்குப் பாலு வத்திப்போயி இவன் கத்தினப்போ எவ மாருல போட்டுக் காப்பாத்துனா? அவளைத் தொரத்தறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாய்யா?"

"கடவுளே சொன்னாரே, பெரியவ சொல்றதைக் கேளுன்னு…"

"நான் எதுவுமே சொல்லலையே! நீ எதைய்யா கேட்டே?"

அர்த்தநாரி உபதேசியாரைப் பார்த்தான். அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து அவன் முகமும் மாறத் தொடங்கியது.

"தப்புங்களா?"

"அது பாதிடா," என்றார் சடையன். "பாதிதான் படிச்சேன். பாக்கி இருக்குது."

"பாதிங்களா?" அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "ஏனுங்க பாதியில நிறுத்துனீங்க?"

சடையன் குடையைக்கூட எடுக்காமல் தெருவில் இறங்கினார்.

செல்லியம்மாளுக்கு அப்பா அம்மா இல்லை. ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பாவு போடுகிற ஒரு அண்ணன் மட்டும் உண்டு. அங்கே போ என்றுதான் அர்த்தநாரி சொல்லியிருந்தான். ராசிபுரம் போய், சேலம் போய், அதற்கும் அப்பால் இருக்கிற ஊர். ராசிபுரத்தைத் தாண்டி அவள் போனதேயில்லை. மூவரும் ராசிபுரம் ரஸ்தாவில் நடந்தார்கள். மாரக்காள் முன்னால், குழந்தையை வெயில் படாமல் சேலைக்குள் சுற்றிக்கொண்டு. அர்த்தநாரி இருபது அடி பின்னால்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. மஞ்சள் வெட்டிய காடுகள் மொட்டையாகக் கிடந்தன. எதிரே வந்த வண்டிக்காரன், காலையில் ஒரு பொம்பளை பிள்ளையோடு போனாள், பிள்ளை அழுதுகொண்டிருந்தது என்றான். அடுத்து ஆடு மேய்த்த கிழவர், பார்த்தேன், ஆனால் பிள்ளை அழவில்லை என்றார். மாரக்காள் நின்று அவரையே இன்னொரு தரம் கேட்டாள்.

"அழுகலீங்களா? நல்லாப் பாத்தீங்களா? தூங்குச்சோ?"

"தூங்கற பிள்ளைக்குத் தலை அப்பிடித் தொங்காது, சாமி," என்றார் அவர்.

ஓட முடிந்தவரை ஓடினார்கள்.

பொழுது உச்சி சாய்ந்த நேரம், ரஸ்தாவுக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வேலியோரம் ஒரு சுரைக்குடுக்கை உருண்டு கிடந்தது. மாரக்காள்தான் பார்த்தாள். அவள் வீட்டுக் குடுக்கை, கழுத்தில் அவளே கட்டிய கயிறு. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஆவாரஞ்செடி. செடியின் நிழலில் சேலைத் துண்டு விரித்து சுப்பியைக் கிடத்தியிருந்தது. அம்மாவைக் காணோம்.

"செல்லீ!" என்று மாரக்காள் அலறினாள்.

கல்லெறி தூரத்தில், வெட்டவெளியில், குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதையும் கையால் பொத்தியிருந்தாள்.

சடையன் அப்படியே நின்றுவிட்டார். துருத்தித் தண்ணீர் செலவழிந்த பின்பு, பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டு, பிள்ளை சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று எதிரே தூரமாய்ப் போய் உட்கார்ந்தாள். அது பதினைந்தாம், பதினாறாம் வசனம். அவர் இன்னும் வாசிக்காதது. அடுத்த ஞாயிற்றுக்கு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தது. ஒட்டம்பாறையில் அதை அறிந்தவர் அவர் ஒருவர்தான். எழுத்துத் தெரியாத செல்லியம்மாள், ஜெபக்கூடத்துப் பக்கமே வராத செல்லியம்மாள், அதை எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாரக்காள் பிள்ளையைத் தூக்கிவிட்டாள். "உசுரு இருக்குது! அனலாக் கொதிக்குது. தண்ணி! தண்ணி கொண்டாங்க!"

நூறு அடி தள்ளிக் கிணறு. நல்ல அகலக் கிணறு, பக்கத்தில் படிக்கட்டு. கவலை ஓடவில்லை, மாடுகள் நிழலில் கட்டியிருந்தன. படியின் மேல் தோட்டத்து ஆள் செங்கோட்டையன் தடியோடு உட்கார்ந்திருந்தான். சடையன் ஓடினார். ஓடி, படிக்கு ஐந்தடி முன்னால் கால் தானாக நின்றது. ஜிப்பா போட்டிருந்தாலும், சேலத்துக்குக் கடுதாசி எழுதினாலும், அந்தப் படியில் அவர் கால் வைக்கக்கூடாது. அவருக்கும் அது தெரியும், செங்கோட்டையனுக்கும் தெரியும்.

"சாமி, கொளந்தை சாகுது. ஒரு சொம்பு ஊத்துங்க."

"காத்தால இருந்து இதே ரோதனையாப் போச்சு. பண்ணாடிச்சி வரட்டும். நான் ஊத்தி, நாளைக்கி ஒரு பேச்சு வந்தா ஆரு கேக்கறது?"

"சாமி, கால்ல வுழுகறேன்." விழவே விழுந்தார்.

சத்தம் கேட்டுத் தோட்டத்து வீட்டிலிருந்து வள்ளியாத்தாள் வந்தாள். தோட்டத்துக்கு உடையவள், தடித்த உடம்பு, கையில் மஞ்சள் கறை. ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"ஏன்டா செங்கோட்டையா, மரமாடா நீ? எறங்கி மொள்ளு!"

செங்கோட்டையன் குடத்தைத் தூக்கிவந்தான். வள்ளியாத்தாள் தானே வாங்கி, சற்று உயரத்தில் இருந்து மாரக்காளின் ஏந்திய கையில் ஊற்றினாள். மாரக்காள் அதைக் குழந்தையின் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல் மூன்று சொட்டு வெளியே வழிந்தது. நாலாவது சொட்டுக்குத் தொண்டை அசைந்தது.

"காத்தாலயே வந்து கேட்டிருந்தா ஊத்தியிருக்க மாட்டனா?" என்று வள்ளியாத்தாள் எரிந்து விழுந்தாள். "வேலியோரத்துல போயிக் கெடத்திப்போட்டு, ஆரு மேல பழி போடறதுக்கு?"

"கேட்டனுங்க ஆத்தா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். செல்லியம்மாள் எழுந்து வந்திருந்தாள். "உங்க ஆளுகிட்ட மூணு தடவை கேட்டேன்."

வள்ளியாத்தாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். குடத்தை மட்டும் சாய்த்தபடியே நின்றாள்.

சுப்பி கண்ணைத் திறந்து மாரக்காளைப் பார்த்து, மறுபடி மூடியது. இப்போது மூடியது தூக்கத்தில். சடையனுக்கு எதையாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. பழக்கத்தில் வந்தது பிரசங்கம்தான்.

"செல்லி, அதுல பாக்கி இருக்குது, கேளு. அந்த அம்மாளும் இப்பிடித்தான் உக்காந்திருந்தாங்க. கொளந்தை அழுதது ஆண்டவருக்குக் கேட்டுது. அவங்க கண்ணைத் தொறந்து உட்டாரு. பாத்தா, அங்கயே ஒரு கெணறு இருக்குது! அது முந்தியே இருந்துது, அவங்க கண்ணுக்குத்தான் தெரியலை…"

இதைத்தான் அடுத்த ஞாயிறு சொல்வதாக இருந்தார். உச்சக்கட்டமாக வைத்திருந்தது.

செல்லியம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆளை முன்பின் பார்த்ததில்லை என்பது போலப் பார்த்தாள்.

"கெணறு எனக்குக் காத்தாலயே தெரிஞ்சுதுங்க," என்றாள். "எங் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க."

சடையன் அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் பிரசங்கம் செய்தார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரால் எந்த அதிகாரத்திலும் பதில் எடுக்க முடியவில்லை.

அர்த்தநாரி வந்து நின்றான். ஊட்டுக்கு வா என்றான். வரமாட்டேன் என்றாள் செல்லியம்மாள். அப்படியானால் நானும் வரமாட்டேன் என்று மாரக்காள் இரண்டு குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு வேலியோரமே உட்கார்ந்துவிட்டாள். ஆம்பளைக்கு வேண்டுமானால் அடுத்த ஞாயிறு வேறு வாக்கு வரும், போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்றாள். பொழுது இறங்கும் வரை பேசி, கடைசியில் சேதி கேட்டு வந்த சௌந்திரம் கூப்பிட, பெண்கள் இருவரும் குழந்தைகளோடு உபதேசியார் வீட்டுக்கே வந்தார்கள். சுப்பி மூன்று நாள் வாய் திறந்து பேசவில்லை. நாலாம் நாள் களி கேட்டது.

அந்த வாரம் அவர் வியாழக்கிழமை நடக்கவில்லை. குறிபார்க்கிற கண்ணை நினைத்தால் அவருக்கே பயமாக இருந்தது. ராமாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் நாலு மாதமாக ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறான். இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர்? பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு வாரமாகப் பார்த்தார். வலது கண் இடறல் செய்தால் பிடுங்கிப் போடு என்று ஒரு ஞாயிறு வாசித்திருந்தார். தன் மகனைப் பலியிடக் கத்தியை ஓங்கிய தகப்பனை இன்னொரு ஞாயிறு வாசித்திருந்தார். அதையும் ஓங்கிய கையோடு நிறுத்தி, ஒரு வாரம் விட்டு வைத்திருந்தார். அந்தப் பக்கத்து ஓரத்தில் இருந்தது பிள்ளைகுட்டிக்காரன் ஒருவனுடைய பெயர்; பார்த்ததும் நோட்டை மூடிவிட்டார். அந்த வாரம் யாரும் எதுவும் வேண்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். வேறொன்றும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். சேதி பரவியிருந்தது, மற்ற தெருக்காரர்கள்கூட வந்து வாசலில் நின்றார்கள். அவருடைய வித்தை அன்றைக்குப் பலித்தது போல என்றைக்கும் பலித்ததில்லை. அர்த்தநாரி வாசலோரம் உட்கார்ந்திருந்தான்.

சடையன் புத்தகத்தைத் திறந்தார். திறந்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன வாரம் ஏனுங்க பாதியில நிறுத்துனீங்கன்னு அர்த்தநாரி எங்கிட்டக் கேட்டான். அங்கே நான் பதில் சொல்லலை. இப்பச் சொல்றேன். நீங்க திரும்பி வரோணும்னு நிறுத்தினேன். வேற காரணம் ஒண்ணும் இல்லை. கூட்டம் வரோணும்னு ஒரு பொம்பளையையும் கொளந்தையையும் ஒரு வாரம் வெயில்ல உட்டு வெச்சேன்."

அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். கிணறு வந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தார். பிரசங்கம் செய்யவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாசலோரத்திலிருந்து அர்த்தநாரியின் குரல் கேட்டது.

"அப்பறம் அந்தப் பெரியவரு அவளைத் தேடிப் போகவே இல்லீங்களா?"

சடையன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார்.

"இல்லைடா. போனதா எழுதலை."

அர்த்தநாரி எழுந்தான். இந்தத் தடவையும் கடைசி ஜெபத்துக்கு நிற்கவில்லை. நேரே உபதேசியார் வீட்டு வாசலுக்குப் போய் இரண்டு பெண்களுக்கும் முன்னால் தரையில் உட்கார்ந்தான். என்ன பேசினான் என்று வெளியே யாருக்கும் தெரியாது. வீட்டிலிருந்த சௌந்திரத்துக்கு மட்டும் தெரியும், அவள் கடைசிவரை புருஷனுக்குச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமை கேட்டுக்கோங்க," என்பாள்.

அர்த்தநாரிக்கு ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. சடையன் சேலத்துக்கு எழுதினார். சட்டம் சட்டம்தான் என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு தரம் எழுதினார். அர்த்தநாரி சாகும்வரை வாசலோரப் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இரண்டு மனைவிகள் இருக்கிற வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நோட்டில் பென்சில் பெயர்கள் அதன் பிறகு இல்லை. பதிலாகச் சடையனுக்கு வேறொரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அர்த்தநாரி வீட்டுத் திருகையின் பக்கத்தில் போய்க் குந்தி, மறுநாள் வாசகத்தைச் செல்லியம்மாளுக்கு முழுக்கப் படித்துக் காட்டுவார். ஜெபக்கூடத்துக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. வா என்று கூப்பிடும் தைரியமும் அவருக்கு இருந்ததில்லை. மாரக்காள் திருகையை நிறுத்தாமலே கேட்பாள்:

"இந்த வாரம் ஆரைத் தொரத்தப் போறீங்க, உபதேசியாரே?"

அவருக்கு ஒவ்வொரு முறையும் திக்கென்று இருக்கும். வருஷக்கணக்கில் கேட்டும் அது பழகவில்லை. படிக்கத் தொடங்குவார். செல்லியம்மாள் ராகியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் திருகைக் குழியில் போட்டுக்கொண்டே கேட்பாள். ஊரை விட்டுப் போன இளைய மகன் தூர தேசத்தில் பசித்துக் கிடக்கிற கதை என்றால், அவர் நிறுத்துகிற இடம் வந்ததும் அவள் கை நிற்கும்.

"அங்க நிறுத்தாதீங்க," என்பாள். "அந்தப் பையன் இன்னும் ஊடு போய்ச் சேரலை."

சடையன் பக்கத்தைத் திருப்பி, பையன் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் படிப்பார். மறுநாள் கூடத்திலும் அதுவரைக்கும் படிப்பார். வாசகம் மிகவும் நீளம் என்று சேலத்திலிருந்து பார்வையிட வந்த மிஷன் பாதிரி ஐயர் நோட்டில் இரண்டு முறை எழுதிவிட்டுப் போனார்.